வெந்நீருக்குச் சென்ற வழி: கன்னியாவும் திருகோணமலையின் நீராடல் மரபும்

பாலையூற்று என்னும் ஊர்ப்பெயர் ஒரு மரத்தையும் ஒரு நீரையும் சேர்த்துச் சொல்கிறது. இங்கு பாலை என்பது சங்க இலக்கியம் கூறும் வறண்ட திணையைக் குறிக்காமல், கிழக்கிலங்கைக் காடுகளில் ஓங்கி வளர்ந்து, கோடை முதிரும் ஆனி ஆடி மாதங்களில் மஞ்சள் நிறச் சிறு கனிகளை உதிர்க்கின்ற, வைரம் பாய்ந்த பாலை மரத்தைக் குறிக்கிறது. ஊற்று என்பது நிலத்தின் அடியிலிருந்து தானாகக் கசிந்து சுரக்கும் நீராகும். மலையிலிருந்து விழுவது அருவி, பாறைக் குழியில் தேங்குவது சுனை, படி கட்டி மனிதர் வகுத்துக்கொண்டது கேணி என நீருக்குத் தமிழ் இட்ட பெயர்கள் பல இருக்க, திருகோணமலை நகரை அடுத்த இக்குடியிருப்பு அவற்றுள் மிக அமைதியான ஒன்றைத் தன் பெயராக ஏற்றிருக்கிறது. இவ்வூரின் கத்தோலிக்கர் வணங்கும் திருத்தலம் லூர்து அன்னையினது என்பதும், பிரான்சிலுள்ள அந்த லூர்து நகரே 1858ஆம் ஆண்டில் வெளிப்பட்டதாகக் கூறப்படும் ஒரு நீரூற்றால் புகழ்பெற்றது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கவை. இது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் ஊற்றின் பெயரைத் தாங்கிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான திருத்தலம் அமைந்திருக்க முடியாது.

இப்பெயரின் அருமையை உணர்வதற்கு அந்நிலத்தின் மழைக் கணக்கை அறிய வேண்டும். திருகோணமலை இலங்கையின் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்தாலும், அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையிலான வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நான்கு மாதங்களுக்குள், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் என்னும் காற்று, தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே இறக்கிவிட்டு, வெறும் வெப்பத்தோடு கிழக்குக் கரையை வந்தடைகிறது. நகரைச் சூழ்ந்த குன்றுகள் தாழ்ந்தவை. மாரியில் அவற்றின் இடுக்குகளில் ஓடும் நீரோட்டங்கள் மழை ஓய்ந்த சில வாரங்களில் மணலும் கல்லுமாய் வறண்டுவிடும். ஆகவே மலைப்பாதை ஏறி, பருவத்தில் பெருகும் அருவியில் தோழருடன் குளித்து மீளும் இன்பம் இந்நிலத்து மக்களுக்கு இயற்கையால் அருளப்படவில்லை. மலைநாட்டில் சென் கிளேயர், டெவன் முதலிய அருவிகளாக விழும் நீர் கொத்மலை ஓயா வழியே மகாவலியை அடைந்து, 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றோடு தவழ்ந்து வந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அருவிகளின் முதுமையை மட்டுமே இம்மாவட்டம் காண்கிறது.

அருவி இல்லாத நிலத்தில் கூட்டாகச் சென்று நீராடும் வழக்கம் எங்கே வேர்கொண்டது என்ற கேள்விக்கு விடையாக இருப்பது கன்னியா. நகரிலிருந்து வடமேற்கே, அநுராதபுரம் செல்லும் வீதியிலிருந்து விலகி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில், காடும் தாழ்ந்த குன்றுகளும் சூழ்ந்த சிறு வெளியில், ஒன்றையொன்று அடுத்து ஏழு கிணறுகள் அமைந்துள்ளன. அவை ஒவ்வொன்றும் சதுரமாகக் கட்டப்பட்டு, மூன்று நான்கு அடி ஆழமே கொண்டு, அடித்தளம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தெளிந்த வெந்நீரைச் சுரந்தபடி இருக்கின்றன. கிணறு என்னும் சொல் பொதுவாகத் தரும் ஆழத்தையும் இருளையும் இங்கே எதிர்பார்த்தல் ஆகாது. இவை நிலத்தோடு நிலமாகத் திறந்திருக்கும் தொட்டிகளைப் போன்றவை. சில அடி இடைவெளியில் இருந்தும் ஒன்றின் சூடு மற்றொன்றின் சூட்டோடு ஒத்திராமல், ஒரு கிணற்றில் இளஞ்சூடாகவும் அடுத்ததில் முதல் வாளிக்கு உடல் பின்வாங்கும் அளவுக்குக் கூடுதலாகவும் இருப்பதே இவ்விடத்தின் தனிச்சிறப்பு.

இந்த ஏழு கிணறுகளுக்கும் திருகோணமலைக் கடலோரத்துக் கோணேசர் மலைக்கும் இடையே ஒரு கதை பாலமாக நிற்கிறது. தன் தாயின் வழிபாட்டுக்காகத் தட்சண கைலாசம் எனப்படும் அம்மலையின் இலிங்கத்தைப் பெயர்த்துச் செல்ல முயன்ற இராவணன் தன் வாளால் மலையை வெட்டினான் என்றும், சுவாமிமலை எனவும் வழங்கும் அதன் கடலோரப் பிளவு அதனாலேயே இராவணன் வெட்டு எனப்படுகிறது என்றும் கூறும் அக்கதை, அதன் தொடர்ச்சியாக, திருமால் ஓர் அந்தணர் வடிவில் தோன்றி அவன் தாய் இறந்துவிட்டாள் எனத் தெரிவித்ததையும், அவளுக்குரிய கடன்களைச் செய்ய நீர் வேண்டி இராவணன் ஏழிடங்களில் நிலத்தைக் குத்த, அங்கெல்லாம் வெந்நீர் பீறிட்டதையும் சொல்கிறது. இக்கதையைப் புராணம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் வரலாற்றை எழுதுவோர் அதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: இராவணனின் பெயரால் சொல்லப்படும் அந்தக் கடலோரப் பிளவிலிருந்து உள்நிலத்துக் கன்னியாவுக்குச் செல்லும் வழியை, துயரத்தோடு நடக்கப்பட்ட ஒரு வழியாக அக்கதை வரைந்து வைத்திருக்கிறது. திருகோணமலைச் சைவர்கள் தம் வீட்டில் இறந்தோருக்கு முப்பத்தோராம் நாளில் செய்யும் அந்தியேட்டி என்னும் கடனைக் கன்னியாவில் நிறைவேற்றி வந்ததும், ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் அங்கு சென்று முழுகியதும் அவ்வழியைத் தலைமுறை தலைமுறையாகத் தேயாமல் காத்த வழக்கங்கள்.

கடன் கழிக்கச் சென்றவர் தனியே செல்லவில்லை. காட்டு வழியில் யானைக்கும் கரடிக்கும் அஞ்சிய காலத்தில் அது தனியே செல்லக்கூடிய வழியாக இருந்ததுமில்லை. உறவினரும் அயலவரும் தோழரும் கூடி, மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ விடியுமுன் புறப்பட்டு, கட்டுச்சோறும் எண்ணெய்யும் அரப்பும் மாற்றுடையும் எடுத்துச் சென்று, சடங்கு முடிந்தபின் ஏழு கிணறுகளிலும் முறையே முழுகி, மரநிழலில் உண்டு, பொழுது சாயுமுன் திரும்பும் பயணமாக அது அமைந்தது. துக்கத்துக்காகப் போன வழியிலேயே சிரிப்பும் விளையாட்டும் மெல்ல நுழைந்தன என்பதில் முரண் எதுவுமில்லை. முப்பத்தோராம் நாள் என்பது துடக்குக் கழிந்து, இறந்தவரின் வீட்டார் மீண்டும் உலக வாழ்வுக்குத் திரும்பும் நாள். அந்தத் திரும்புதலை நீரே செய்து வைத்தது. பின்னாளில் எந்தச் சடங்கும் இல்லாமல் பாடசாலை மாணவரும் இளைஞர் குழுக்களும் ஈருருளியிலும் பேருந்திலும் சிற்றுந்திலும் கன்னியாவுக்குச் சென்று குளித்து மீண்டது, இப்பழைய கூட்டுப் பயணத்தின் நேரான வளர்ச்சி. தமிழில் நீராடுதலும் தீர்த்தமாடுதலும் ஒரே வினையால் சொல்லப்படுவதும் இதனோடு இயைந்ததே. ஆடுதல் என்ற அச்சொல்லில் முழுகலும் விளையாட்டும் பிரிக்கப்படாமல் சேர்ந்தே இருக்கின்றன.

கன்னியாவில் குளிக்கும் முறையும் தனித்தன்மை உடையது. ஆழமற்ற அக்கிணறுகளுள் இறங்கி நீந்துதல் இல்லை. வாளியால் நீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளுதலே முறை. ஒருவர் அள்ள, மற்றொருவர் குனிந்து நிற்க, ஒரு கிணற்றில் இத்தனை வாளி எனக் கணக்கிட்டு அடுத்ததற்கு நகர்தலால், ஏழு கிணறுகளையும் கடப்பது ஒரு சிறு வலமாகவே ஆகிவிடுகிறது. அருவியில் நீர் தானே வந்து தோளில் விழுகிறது. கன்னியாவில் அந்த நீரை விழச் செய்பவர் உடன் வந்த தோழரோ உறவினரோ ஆவார். குளிப்பவர் ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் இம்முறையாலும் அங்கே தனியே செல்வோர் குறைவாயினர் எனக் கருதலாம்.

ஈழத்தில் இதற்கு இணையாகச் சொல்லத் தக்கது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலை. கடலுக்கு மிக அருகில் நன்னீர் சுரக்கும் அவ்வூற்றைக் கேணியாகக் கட்டி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே இடம் வகுத்திருக்கின்றனர். கீரி முகம் கொண்ட நகுல முனிவரும் குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி என்னும் இளவரசியும் அந்நீரில் முழுகித் தம் உருக்குறை நீங்கினர் என்பது அதன் கதை. அங்கும் அந்தியேட்டி உண்டு, ஆடி அமாவாசை உண்டு. அதே நீரில் இளைஞர் கேணியின் சுவரிலிருந்து குதித்து நீந்துவதும் உண்டு. சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் ஊறிக் கடலோரத்தில் வெளிவருவதால் கீரிமலை குளிர்ந்திருக்க, பழைய கடினப் பாறை நிலத்தில் எழும் கன்னியா சுடுகிறது. வெவ்வேறு நிலவியல் கொண்ட இரண்டு ஊற்றுகளில் ஒரே மரபு வளர்ந்திருப்பது, இவ்வழக்கத்தைப் படைத்தது நீரின் இயல்பைவிட மக்களின் தேவையே என்பதற்குச் சான்று.

கன்னியாவின் சூட்டுக்குக் காரணம் எரிமலை எனச் சிலர் எண்ணுவதுண்டு. இலங்கையில் இன்று உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தின் ஆழத்துக்கு இறங்கி, ஆழம் கூடக்கூட வெப்பமும் கூடும் இயல்பால் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலெழும்போது வெந்நீரூற்றாகிறது. இலங்கையின் வெந்நீரூற்றுகளில் பலவும் நாட்டின் கிழக்கிலும் தென்கிழக்கிலும், உயர்நிலப் பாறைத்தொகுதி, விஜயன் பாறைத்தொகுதி என நிலவியலாளர் வகுக்கும் இரு பெரும் பாறைப் பரப்புகள் சந்திக்கும் எல்லையை அண்டியே காணப்படுகின்றன. மகா ஓயாவில் உள்ள ஊற்றுகள் கன்னியாவைவிடக் கூடுதலாகச் சுடுபவை. கன்னியாவின் சூடோ மனித உடல் தாங்கி மகிழும் அளவில் நிற்கிறது. இந்த அளவான சூடே அதனைக் குளிக்கும் இடமாக்கியது.

பிரித்தானியர் ஆட்சி தொடங்கியபின் கன்னியா மேலைநாட்டு அறிவியலின் கண்ணுக்கும் தெரியவந்தது. வேதியியலாளர் ஹம்பிரி டேவியின் தம்பியும் படை மருத்துவருமான ஜோன் டேவி, 1816 முதல் 1820 வரை இலங்கையில் பணியாற்றி, 1821இல் வெளியிட்ட தம் நூலில் நாட்டின் வெந்நீரூற்றுகளுள் ஒன்றாகக் கன்னியாவைக் குறித்தார். அதற்குச் சில ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. செவ்ரெத் என்னும் பிரெஞ்சுக் கப்பலின் மருத்துவர் ரெய்னோ, கன்னியா ஊற்றுகளிலிருந்து வழிந்தோடும் நீரில், வெப்பமானி ஏறத்தாழ 46 பாகை செல்சியசைக் காட்டியபோது பிடித்ததாகக் கூறி, இரண்டு மீன்களைப் பாரிசிலிருந்த இயற்கையியல் அறிஞர் கூவியேக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த கூவியே 1829இல் இரண்டுக்கும் தெர்மாலிஸ், அதாவது வெந்நீருக்குரியது, என்ற இனப்பெயரைச் சூட்டினார். பின்னர் 1844இல் அவர் மாணவர் வலென்சியென் அதே ஊற்றுகளிலிருந்து பெறப்பட்ட ஒரு கெண்டை இன மீனுக்கும் அப்பெயரையே வைத்தார். இலங்கையின் நன்னீர்களில் வாழும் அக்கெண்டை இன்றும் புன்டியஸ் தெர்மாலிஸ் என்றே அறியப்படுகிறது. கூவியே பெயரிட்ட இரண்டில் ஒன்று பவளப்பாறைகளை அண்டி வாழும் கடல்மீன் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், அது உள்நிலத்து வெந்நீரோடையில் அகப்பட்டது என்பது ஐயத்துக்குரியது. கரையில் சேர்த்த மீன்கள் ஒரே குப்பியில் கலந்திருக்கக்கூடும். ஐயம் எதுவாயினும், திருகோணமலைக் காட்டுக்குள் மக்கள் முழுகிய ஏழு சிறு கிணறுகளின் சூடு, உலகின் மீன் பட்டியல்களில் ஒரு சொல்லாக நிலைத்துவிட்டது.

குடியேற்ற நாட்டுச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும், பின்னர் 1861இல் வந்த இயற்கை வரலாற்று நூலிலும் இத்தகவல்களைத் தொகுத்ததோடு, ஊற்றுகளின் வெப்பம் பருவத்துக்குப் பருவம் 85 முதல் 115 பாகை பாரன்கைட் வரை, அதாவது சுமார் 29 முதல் 46 பாகை செல்சியஸ் வரை, மாறுவதாகவும் குறித்தார். எனவே கன்னியாவும் பருவம் அறிந்த நீரே. அருவி பருவத்தில் பெருகிப் பின் மெலிகிறது. கன்னியா ஆண்டு முழுவதும் சுரந்து, தன் சூட்டில் மட்டும் பருவத்தைக் காட்டுகிறது.

இவ்வழக்கத்தின் மறுபக்கத்தை, மலையும் அருவியும் வாய்த்த இடத்தில் அது எவ்வாறு வளர்ந்தது என்பதைக் காண, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள குற்றாலத்தை நோக்க வேண்டும். ஞானசம்பந்தர் கோணமலையையும் பாடினார், குற்றாலத்தையும் பாடினார். ஒன்று கடலலை மோதும் மலை, மற்றது அருவி விழும் மலை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயின் வழியே நுழைந்து ஆனி முதல் ஆவணி வரை சாரலாகத் தூவும் காலத்தைத் திருநெல்வேலிச் சீமை மக்கள் ‘சீசன்’ என்றே வழங்குகின்றனர். திருகோணமலையைக் கச்சான் காய்ச்சும் அதே மாதங்களில், அதே காற்று குற்றாலத்தை நனைக்கிறது. பேரருவியில் நீராடுவோர் பல்லாயிரவராக இருக்க, அதற்கு மேல் காட்டு வழியே ஏறிச் செண்பகாதேவி அருவிக்கும், அதற்கும் அப்பால் தேனருவிக்கும் சென்றவர்கள் சிறு குழுக்களாகவே சென்றனர். சித்திரைப் பௌர்ணமியில் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் செல்லும் அடியாரும், நடக்கும் இன்பத்துக்காகவே சென்ற நண்பரும் அப்பாதையைப் பகிர்ந்துகொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி அம்மலையை இலக்கியமாக்கியது. இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்திலேயே வாழ்ந்து, ராஜாஜி, கல்கி முதலிய நண்பர்களை அங்கே வரவேற்று, கவிதையும் உணவும் அருவிக் குளியலும் ஒரே நாளின் பகுதிகளாக அமையும் ஒரு நட்புப் பண்பாட்டையே வளர்த்து, 1954இல் மறைந்தார். இன்று வனத்துறை செண்பகாதேவிக்கு மேலே செல்வதைக் கட்டுப்படுத்தியுள்ளது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டதை அறிந்தோர் அத்தகைய காவலைக் குறைகூற மாட்டார்கள்.

குற்றாலத்தில் வழியை அடைத்து வைத்தது காடும் வெள்ளமும் என்றால், கன்னியாவில் அதைச் செய்தது போர். 1983ஆம் ஆண்டுக்குப் பின் திருகோணமலைக்கு மேற்கே செல்லும் வீதிகளில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. கன்னியாவை அண்டிய தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. காட்டு வழியில் கூடிச் செல்வது இன்பத்திலிருந்து ஆபத்தாக மாறியது. சடங்குக்காகவும் செல்ல முடியாத ஆண்டுகள் வந்தன. கீரிமலையும் அவ்வாறே உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. இரண்டு ஊற்றுகளும் மூடப்பட்ட காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை, தன் முன்னோர் முழுகிய நீரைக் கதையாக மட்டுமே அறிந்தது. இறந்தோருக்கான கடன் எண்ணற்றுப் பெருகிய அந்த ஆண்டுகளிலேயே, கடன் கழிக்கும் நீருக்கான வழி அடைபட்டிருந்தது என்பது இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் வழி திறந்தது. தென்னிலங்கையிலிருந்தும் பேருந்துகளில் பெருந்திரளானோர் வந்தனர். வெந்நீர்க் கிணறுகளைச் சூழ மீண்டும் வாளிகளின் ஒலி எழுந்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதுவரை பிரதேச சபையின் பொறுப்பில் இருந்த இவ்விடம் தொல்லியல் திணைக்களத்தின் கைக்கு மாறி, 2011இல் தொல்லியல் ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வளாகத்தில் பிள்ளையார் கோயிலின் அடித்தளம் இருந்த மேட்டைப் பண்டைய பௌத்தத் தாதுகோபத்தின் எச்சமெனக் கொண்டு, அங்கே புதிய கட்டுமானம் முயலப்பட்டபோது, 2019 ஜூலை 16ஆம் நாள் பெருந்திரளான தமிழர் கன்னியாவுக்குச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர்; அதே மாதத்தில் திருகோணமலை மேல் நீதிமன்றம் அக்கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

ஓரிடத்தில் பல காலத்து மக்களின் தடயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது இலங்கையின் கிழக்கில் அரிய செய்தியன்று. பௌத்தத் துறவியர் ஒரு காலத்தில் இவ்வூற்றை அண்டி வாழ்ந்திருந்தாலும் அதனால் சைவரின் அந்தியேட்டி பொய்யாகிவிடாது. சைவரின் நீண்ட வழக்கத்தால் அத்துறவியரின் தடயமும் அழிந்துவிடாது. கன்னியாவின் நீரில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் நெடுங்காலமாக முழுகி வந்திருக்கின்றனர். செங்கல்லின் காலத்தைக் கணிக்கத் தொல்லியலுக்கு முறைகள் உண்டு. முழுகிச் சென்றவர்களின் காலத்தைக் கணிக்க அதனிடம் முறை இல்லை, ஏனெனில் நீராடல் எந்தக் கல்லையும் விட்டுச் செல்வதில்லை. ஒரு வழக்கத்துக்குச் சான்று அதைச் செய்தவர்களின் நினைவு மட்டுமே. கன்னியாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மீனைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் அடித்தளத்தைப் பற்றியும் உள்ளன. அங்கு நடந்து சென்றோர் தம் வாயால் சொன்னவை அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு.

அந்த வழியைப் போருக்கு முன் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் சென்று கண்ட முதியோர் திருகோணமலையிலும், கடல் கடந்த நாடுகளிலும் இன்னும் வாழ்கின்றனர். எந்த மரத்தடியில் கட்டுச்சோறு அவிழ்க்கப்பட்டது, எந்தக் கிணற்றில் முதலில் முழுகினர், எத்தனை வாளி எனக் கணக்கிட்டனர் என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் பணியைப் பாலையூற்று முதலான அயலூர்களின் பாடசாலைகளும் நூலகங்களும் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும்.